டிக்கெட் எடுத்தவர்கள் இறங்கவும்

ஒரு புரோகிராம், எங்கோ இருக்கும் சர்வரிடம் கேட்கிறது: "இந்த ஆள் காசு கொடுத்தவர்தானா?" ஆம் என்று பதில் வந்தால் உள்ளே விடவேண்டும். இல்லை என்று வந்தால் தடுக்கவேண்டும். இந்த இரண்டையும் எழுதுவதில் ஒரு கஷ்டமும் கிடையாது. சிக்கல் மூன்றாவது நிலையில்தான். பதிலே வரவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி, முப்பது விநாடி ஆகிவிட்டது. சர்வர் படுத்துவிட்டதா, நடுவில் கேபிள் அறுந்துவிட்டதா, அந்த நிறுவனமே கடையைக் கட்டிவிட்டதா என்று புரோகிராமுக்குத் தெரியாது. இப்போது அது என்ன செய்யவேண்டும்?

எங்கள் தொழிலில் யாராவது ஒருவர் உட்கார்ந்து இதற்கான இரண்டு மூன்று வரிகளை எழுதியாகவேண்டும். பார்த்தால் சாதாரண 'இஃப்' கண்டிஷன். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் எதிரே இருப்பவரை யாராக எடுத்துக்கொள்வது என்கிற முடிவு அதற்குள் இருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். வருடச் சந்தா. சந்தா கட்டியிருக்கிறார்களா என்று சர்வரைக் கேட்கும் பகுதி என்னிடம் வந்தது. பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று மீட்டிங்கில் கேட்டேன். விற்பனைப் பிரிவில் ஒருவர் உடனே பூட்டிவிடலாம் என்றார். எங்கள் டீம் லீடின் வீட்டிலேயே மருந்துக்கடை உண்டு. அவர் கேட்டார்: "ஞாயித்துக்கெழம ராத்திரி நெட் போச்சுன்னா, குழந்தைக்குக் காய்ச்சல்னு வந்து நிக்கிறவன்கிட்ட பில் போட முடியாதுன்னு சொல்லச் சொல்றீங்களா?" விவாதம் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. பதில் வராவிட்டால் முப்பது நாள் வரை வழக்கம்போல் ஓடட்டும் என்று முடிவானது.

இதில் யாருடைய பெருந்தன்மையும் இல்லை. பூட்டினால் மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைக்காரர் போன் செய்து கத்துவார், அடுத்த வருடம் சந்தா கட்டமாட்டார். அவ்வளவுதான் காரணம். ஆனால் இதே கேள்விக்கு வீடியோ கேம் விற்பவர்கள் பல வருடங்களாக நேர்எதிரான விடையைக் கொடுத்துவருகிறார்கள். பதில் வரவில்லையா, தடு. அங்கே கடைக்காரரின் நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே எதிரே இருப்பவர் சும்மா விளையாடிக்கொண்டிருக்கிறார். விளையாட்டு நின்றுபோனால் யாருக்கு என்ன நஷ்டம்?

*

2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட் 2' கேமைக் கணினிக்கு வெளியிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் நடக்கும் கதை, தனியாளாக ஆடுவது. இன்னொருவரோடு சேர்ந்து ஆட அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஆடும் நேரம் முழுக்க இணைய இணைப்பு இருந்தாகவேண்டும் என்று வைத்தார்கள். நடுவில் இணைப்பு போனால் ஆட்டம் அப்படியே நிற்கும். ஐரோப்பாவில் வெளியான முதல் வார இறுதியிலேயே, மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சரிபார்ப்பு சர்வர்கள் தடுமாறின. யாரோ தாக்குதல் நடத்தியதாக நிறுவனம் சொன்னது. இருக்கலாம். காசு கொடுத்து வாங்கியவரின் வீட்டில் நெட் இருந்தது, மின்சாரம் இருந்தது, கேமும் ஹார்ட் டிஸ்க்கில் முழுசாக இருந்தது. ஆடத்தான் முடியவில்லை. பிறகு அந்த கேமுக்குக் கிராக் வந்தது. அதை இறக்கி ஆடியவர்கள் சர்வர் என்ற ஒன்று இருப்பதைக்கூட அறிந்திருக்கத் தேவையில்லை.

மூன்று வருடம் கழித்து, 2013 மார்ச்சில், 'சிம்சிட்டி'. 2003-இல் வந்த 'சிம்சிட்டி 4'க்குப் பிறகு பத்து வருடம் ரசிகர்கள் காத்திருந்த கேம். இதற்கும் எப்போதும் இணைப்பு தேவை என்றார்கள். வெளியான அன்று கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். சொந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கேமில் ஊரைக் கட்டுவதற்கு வரிசை! கணக்கீடுகளில் ஒரு பகுதி சர்வரில் நடப்பதால் இணைப்பில்லாமல் முடியாது என்று விளக்கம் வந்தது. சில நாட்களில் ஒருவர் கோடைத் தோண்டி, இணைப்பில்லாமலே ஊர் ஓடுவதைக் காட்டினார். மன்னிப்பாக இ.ஏ. நிறுவனம் இன்னொரு கேமை இலவசமாகக் கொடுத்தது. முடியாது என்று சொல்லப்பட்ட ஆஃப்லைன் வசதி ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், அதிகாரபூர்வமாகவே வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் படித்தபோது எனக்குத் தொழில்முறை எரிச்சல் மட்டும்தான் இருந்தது. அது வீட்டுக்குள் வந்தது 2023-இல்.

*

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து 2018-இல் ஓய்வுபெற்றவர். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம், தென்காசி, திருச்செந்தூர் என்று முப்பத்தோரு வருடம். ஓய்வுக்குப் பிறகு கால் சும்மா இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே வலது கால் பிரேக்கைத் தேடும் என்று அம்மா சிரிப்பாள். ஊரடங்கு நாட்களில் என் பழைய கணினியைப் பாளையங்கோட்டை வீட்டில் வைத்து, யூஎஸ்பி ஸ்டியரிங் வீல் ஒன்றை மாட்டி, ஒரு டிரைவிங் கேமை வாங்கிப் போட்டுக்கொடுத்தேன். அந்த கேமின் பெயர் இங்கே வேண்டாம். பந்தயமெல்லாம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதில் சும்மா ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகலாம். தினமும் சாயங்காலம் நாலரைக்கு உட்கார்ந்து, இண்டிகேட்டர் போட்டு, சிக்னலில் நின்று, ஆறு மணிக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க எழுந்துவிடுவார்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வீட்டுப் படிக்கட்டோடு நின்றுவிட்டது. எத்தனையோ குடும்பங்கள் அத்தனையையும் இழந்த நாட்கள் அவை. அதன் நடுவே ஒரு கேமைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

ரயில் ஓட ஆரம்பித்ததும் ஊருக்குப் போனேன். கரண்ட் வந்திருந்தது, நெட் வரவில்லை. செல்போனில் பேசுவதற்கே மொட்டைமாடிக்கு ஏறவேண்டியிருந்தது. பகலெல்லாம் தெருவில் சேறு அள்ளிவிட்டு வந்து அப்பா நாலரைக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தார். திரையில் ஒரு செய்தி: உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை, இணைப்பைச் சோதித்து மீண்டும் முயலவும். நான் ஆஃப்லைன் வழிகளையெல்லாம் முயன்று பார்த்தேன். அந்த கேமில் இத்தனை நாளுக்கு ஒருமுறை சர்வரைப் பார்த்தே தீரவேண்டும். அந்த நாட்கள் கடந்திருந்தன.

"காசு குடுத்துத்தானல வாங்குன?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"பொறவு எதுக்கு தெனமும் டிக்கெட்டக் காட்டச் சொல்லுதான்?"

திருட்டு நகலைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று விளக்கினேன். அப்பா சிரித்தார். "ஏல, செக்கிங் வாரான்னா டிக்கெட் எடுக்காதவன் பஸ்ஸுக்குள்ளயா இருப்பான்? ஸ்டாப்புக்கு முந்தியே குதிச்சிருப்பான். உள்ள இருக்கவன்லாம் எடுத்தவன்தான்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்துவிட்டுச் சொன்னார்: "செக்கிங்லயும் ஒண்ணு உண்டும். டிக்கெட்டப் பாத்துட்டுப் போயிருவாவ. எடுத்தவன எறக்கி விடமாட்டாவ. இவன் எறக்கில்லா விடுதான்."

டி.ஆர்.எம். பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்துக்கு வந்ததில்லை. கிராக் செய்யப்பட்ட நகலில் முதலில் நீக்கப்படுவதே அந்தப் பரிசோதனைதான். எனவே அந்தப் பரிசோதனையை வாழ்நாள் முழுக்கச் சந்திப்பவர், காசு கொடுத்தவர் மட்டும்.

*

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2007-இல் நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது எங்கள் விடுதியில் கேம் ஆடாதவர்கள் குறைவு. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதைவிடக் குறைவு. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போய்வந்த யாரோ ஒருவரின் டிஸ்க் விடுதி லேனில் ஏறும், மறுநாள் எல்லா அறைகளிலும் இருக்கும். அந்த கேமைச் செய்தவர்களுக்கும் மாதச் சம்பளம் வேண்டும், வாடகை கட்டவேண்டும் என்பது கோடு எழுதிப் பிழைக்கும் எனக்கு இன்று நன்றாகவே தெரியும்.

எண்களும் உண்டு. டெனுவோ என்பது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து வரும் பூட்டு. 2014-இல் 'ஃபிஃபா 15' கேமோடு அறிமுகமானது. அது பூட்டிய 86 கேம்களின் வருமானத்தை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2024-இல் வெளியானது. வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சுமார் 20 சதவீதம் போகிறது என்கிறது அது. சின்னத் தொகை இல்லை. ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது. பூட்டு 12 வாரம் தாக்குப்பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு உடைந்தாலும் நஷ்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.

அப்படியென்றால் பதின்மூன்றாவது வாரம் பூட்டைக் கழற்றிவிடலாமே? சில நிறுவனங்கள் சில மாதமோ சில வருடமோ கழித்துக் கழற்றவும் செய்கின்றன. பல கேம்களில் அது அப்படியே கிடக்கிறது, வீடு கட்டி முடித்துக் குடியேறிய பிறகும் அவிழ்க்காமல் விட்ட சாரம் மாதிரி. விற்றவருக்கு அதனால் பலன் மூன்று மாதம். வாங்கியவருக்கு அதன் பாரம் அந்த கேம் இருக்கும்வரை.

அந்தப் பாரம் எப்படியெல்லாம் வரும் என்பதற்குச் சில உதாரணங்கள். 2021 இறுதியில் இன்டெல் தன் பன்னிரண்டாம் தலைமுறை பிராசஸர்களை வெளியிட்டது. அதில் வேகமான கோர்கள், சிக்கனமான கோர்கள் என்று இரண்டு வகை. சில டி.ஆர்.எம். மென்பொருள்கள் இரண்டாவது வகைக் கோர்களைப் பார்த்து, இது வேறு கணினி என்று முடிவுகட்டி கேமை நிறுத்தின. புதுக் கணினி வாங்கியவர் தன் சொந்த கேமுக்கு அந்நியராகிவிட்டார். பாதிக்கப்படும் கேம்களின் பட்டியலையே இன்டெல் வெளியிடவேண்டியிருந்தது. பயாஸில் ஒரு வசதியை இயக்கிவிட்டு 'ஸ்க்ரோல் லாக்' பட்டனை அழுத்தினால் சிக்கனக் கோர்கள் ஓய்வெடுக்கும், கேம் ஓடும் என்று ஒரு தற்காலிக வழியும் சொன்னார்கள். யாரும் தொடாமல் கிடந்த அந்தப் பட்டனுக்கு ஒரு வேலை வந்தது.

அதே 2021-இல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்'. அதில் டெனுவோவும் இருந்தது, கேப்காம் நிறுவனத்தின் சொந்தப் பூட்டும் இருந்தது. சண்டைக் காட்சிகளில் படம் திக்கித் திக்கி ஓடியது. கிராக் வெளியானபோது பார்த்தால், திருட்டு நகலில் அந்தத் திக்கல் இல்லை. காசு கொடுத்தவருக்குத்தான் மட்டமான சரக்கு. பிறகு பேட்ச் விட்டுச் சரிசெய்தார்கள்.

டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்தவருக்கும் விடிவு இல்லை. 2000 வாக்கில் ஏராளமான கேம் டிஸ்க்குகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அது விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவரை நம்பி ஓடியது. பாதுகாப்பு ஓட்டை என்பதால் 2015-இல் விண்டோஸ் 10 அந்த டிரைவரைச் சேர்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் பக்கம் அது சரியான முடிவு. ஆனால் ஒரிஜினல் டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவர் அதை ஓடவைக்க இணையத்தில் கிராக் தேடவேண்டிய நிலை வந்தது. நிறுவனங்களே அங்கே போய் நின்றதுண்டு. 2008-இல் 'ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2' கேமுக்கு ஒரு அப்டேட் வந்தது. அதன்பின் டவுன்லோடு செய்து வாங்கியவர்களிடமும் அது டிஸ்க் கேட்டது. அதைச் சரிசெய்ய யூபிசாஃப்ட் தளத்தில் ஏற்றிய கோப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே ரீலோடட் என்ற கிராக் குழுவின் கையெழுத்து இருந்தது.

*

வேறு வழி இல்லை என்பவர்களுக்குப் போலந்தைக் காட்டலாம். தொண்ணூறுகளில் வார்சாவின் சந்தைகளில் திருட்டு டிஸ்க்குகள் வெளிப்படையாகவே விற்றன. நம் பர்மா பஜாரைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அந்தச் சூழலில் சிடி புராஜெக்ட் என்ற நிறுவனம் 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' கேமைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தது. நல்ல நடிகர்களை வைத்து வசனம் பேசவைத்து, அச்சடித்த வரைபடமும் கையேடும் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். திருட்டு டிஸ்க்கில் கிடைக்காத ஒன்று பெட்டியில் இருந்ததால் மக்கள் வாங்கினார்கள்.

அதே நிறுவனம்தான் 2008-இல் ஜிஓஜி என்ற இணையக் கடையைத் திறந்தது. அங்கே பூட்டு கிடையாது. வாங்கினால் இன்ஸ்டாலர் கோப்பு உங்கள் கைக்கு வந்துவிடும். பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், கடை மூடினாலும் ஓடும். 2011-இல் அவர்களின் 'விட்சர் 2' வெளியானபோது, டிஸ்க் பதிப்பில் மட்டும் பூட்டு இருந்தது. சில நாட்களிலேயே ஒரு பேட்ச் விட்டு அதையும் நீக்கினார்கள். கேமின் வேகம் கூடியது. அந்த கேம் லட்சக்கணக்கில் திருடப்பட்டது என்பதை அவர்களே சொன்னார்கள். ஆனாலும் 2015-இல் 'விட்சர் 3'ஐயும் பூட்டில்லாமல்தான் ஜிஓஜியில் விற்றார்கள். அது எல்லாத் தளங்களிலும் சேர்த்து 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

நம் ஊர்க் கதையும் அதிகம் வேறுபடாது. 2015 நவம்பரில் ஸ்டீம் கடை ரூபாயில் விலை போட ஆரம்பித்தது. அதுவரை டாலர் விலை, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதியுள்ள கார்டு என்று ஆயிரம் தொல்லை. விடுதியில் ஒரு கேமும் வாங்காத என் நண்பர்கள் பலரிடம் இன்று நூறு, இருநூறு கேம்கள் காசு கொடுத்து வாங்கியவை இருக்கின்றன. அவர்களை மாற்றியது பூட்டு இல்லை. சம்பளமும், நியாயமான விலையும், இரண்டு கிளிக்கில் முடிந்துவிடும் சௌகரியமும்தான். ஸ்டீமை நடத்தும் கேப் நியூவெல் 2011-லேயே இதைத்தான் சொல்லிவந்தார்: திருட்டு பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினை.

*

அப்பாவின் கணினியில் செய்தி வந்ததற்குச் சில நாள் முன்பு, 2023 டிசம்பர் 14 அன்று, யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' கேமைக் கடைகளிலிருந்து எடுத்தது. 2014-இல் வந்த கார் கேம் அது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடத்தில் ஓட்டலாம். தனியாக ஓட்டவும் சர்வர் தேவை. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அப்புறம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. கடையில் டிஸ்க் வாங்கியவரிடம் இப்போது மிச்சமிருப்பது பிளாஸ்டிக் வட்டு.

இதற்குப் பிறகுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. அவர்கள் கேட்பது எளிது: சர்வரை அணைப்பதற்கு முன் கேமை ஏதாவது ஒரு வகையில் ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களின் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியா வேறு பக்கமிருந்து வந்தது. பொருளைத் திரும்பப் பறிக்க முடியும் என்றால் 'வாங்கு' என்ற சொல்லைச் சும்மா போடக்கூடாது, இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்றொரு சட்டம் அங்கே 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரந்தரமாக இறக்கிவைத்துக்கொள்ளக் கிடைக்கும் பொருளுக்கு அந்த நிபந்தனை இல்லை. சட்டம் வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீமின் பில் போடும் பக்கத்தில் அந்த வரி வந்துவிட்டது.

நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதம். 'நோக்கத்தோடு' என்ற சொல் அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பூட்டை உடைத்த கை எதற்காக உடைத்தது என்று அந்தச் சட்டம் கேட்கிறது. எங்கள் தொழிலில் எழுதப்படும் 'இஃப்' கண்டிஷன் அதைக் கேட்பதில்லை.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. விற்பனை சூடாக இருக்கும் மாதங்களில் போட்டுக்கொள்ளட்டும். பதில் வராவிட்டால் ஒரு மாதமாவது பொறுக்கட்டும். மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்த அவகாசத்தை விளையாடுகிறவருக்கும் கொடுக்கலாம். விற்பனை ஓய்ந்ததும் கழற்றட்டும். சர்வரை அணைக்கும் நாளில் கடைசியாக ஒரு பேட்ச் விட்டுவிட்டுப் போகட்டும். இவற்றில் ஒன்றுகூடத் தொழில்நுட்பரீதியாகப் பெரிய வேலை இல்லை. 'தி க்ரூ' மீது எதிர்ப்பு வந்த பிறகு, அதன் அடுத்த பாகங்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யூபிசாஃப்ட்டே 2024-இல் அறிவித்தது.

பாளையங்கோட்டையில் நெட் வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் நான் சென்னைக்குத் திரும்பியிருந்தேன். அடுத்த முறை போனபோது பூட்டில்லாத கடையிலிருந்து வேறொரு டிரைவிங் கேமை வாங்கி, இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். நெட்டே இல்லாமல் இது ஓடுமா என்று இரண்டு முறை கேட்டார். வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக் காட்டினேன். பழைய கேம் அளவுக்கு இதில் சாலைகள் நன்றாக இல்லை, வளைவில் வண்டி வழுக்குகிறது என்று குறை சொன்னார். ஆனாலும் பென்டிரைவை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பீரோவில் டிவிஎஸ் 50-இன் ஆர்.சி. புக்கோடு சேர்த்து வைத்தார். பழைய கேமும் இன்னும் அந்தக் கணினியில் இருக்கிறது. நெட் இருக்கும் நாட்களில் அதைத்தான் ஓட்டுகிறார்.